சந்தனம் வைத்த சிலிண்டர்

1

இதைக் கதையாக எழுதும் எண்ணமே எனக்கு இல்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் என் சட்டையைப் பிடிக்கக் கூடாது. ஒரு மாத இதழின் ஆசிரியர் போன் செய்து, வீட்டுப் பொழுதுபோக்குகளுக்கு ஒரு பகுதி தொடங்குகிறோம், மீன்தொட்டி பற்றி எழுதிக் கொடுங்கள் என்றார். சிறுகதை கேட்கவில்லை. என்னிடம் சிறுகதை கேட்டு யாரும் போன் செய்து வெகுகாலம் ஆகிறது, அந்த வயிற்றெரிச்சலை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம். மீனைப் பற்றி எனக்குத் தெரிந்தது குழம்போடு சரி. இருந்தாலும் ஒத்துக்கொண்டேன்.

கள்ளக்குறிச்சியில் துருகம் சாலைப் பக்கம் ஒருவர் கண்ணாடித் தொட்டிக்குள், தண்ணீருக்கடியில், தோட்டமே போட்டிருக்கிறார், அந்தச் செடிகளுக்குத் தீயணைப்புச் சிலிண்டரிலிருந்து வாயு கொடுக்கிறார் என்று டீக்கடையில் சொன்னார்கள். கதை விடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். ஆள் நிஜம். தொட்டியும் நிஜம். பெயர் வீரமணி என்று வைத்துக்கொள்வோம். தனியார் பள்ளி ஒன்றில் வேதியியல் ஆசிரியர்.

கட்டுரையின் முதல் வரியை இப்படி எழுதினேன்: 'செடி வளர ஒளி, உரம், கரியமில வாயு ஆகிய மூன்றும் இன்றியமையாதவை.' (அடித்துவிட்டேன். பாடப்புத்தக வாடை.)

அடுத்து: 'தீயைக் கொல்லும் வாயுவே இலைக்கு உயிர் தரும் விந்தையை' (இதையும் பாதியிலேயே விட்டேன். இப்படி ஆரம்பிக்கிறவர்களை நானே நம்ப மாட்டேன்.)

மூன்றாவது: 'நான் போனபோது அந்த வீட்டில் ஓர் ஆள் குறைந்தது.' இதை அடிக்க மனம் வரவில்லை. கட்டுரை கெட்டது இங்கேதான்.

வீட்டில் வீரமணியும் அவர் மனைவி தனுஷாவும் ஒன்றரை வயதுப் பெண் குழந்தையும் இருந்தார்கள். அம்மா உங்களோடு இல்லையா என்று பேச்சுக்குக் கேட்டேன். வீரமணி தொட்டியைப் பார்த்தார். தனுஷா குழந்தையைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டார்.

2

கட்டுரையிலிருந்து நான் காப்பாற்றி வைத்திருக்கும் பகுதி இது. தொட்டி வைத்திருப்பவர்கள் நிதானமாகப் படியுங்கள், மற்றவர்கள் வேகமாகப் படியுங்கள். தாண்டிப் போய்விட வேண்டாம், இது தெரியாமல் பின்னால் நடப்பது விளங்காது.

வீரமணி கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்குப் பக்கத்து ஓடையிலிருந்து ஒரு கொத்துச் செடியைக் கொண்டுவந்து தொட்டியில் நட்டார். அது கொஞ்ச நாளில் பாசி பிடித்து அழுகியது. தண்ணீரில் கரியமில வாயு போதவில்லை என்று கண்டுபிடித்தார். அதற்குக் கைச்செலவில்லாத வழி ஒன்று உண்டு. வெல்லக் கரைசலில் ஈஸ்ட்டைப் போட்டு பாட்டிலை மூடிவைத்தால் புளித்து வாயு வரும், அதை மெல்லிய குழாயில் தொட்டிக்குள் விடலாம். அப்படித்தான் தொடங்கினார். கூடமெல்லாம் புளித்த வெல்ல வாடை.

கடைக்குப் போய்த் திரும்பிய அவர் அம்மா சாலம்மாள், வாசலிலேயே மூக்கைச் சுளித்து, நேராக வந்து பாட்டிலைத் தூக்கிப்போய்ச் சாக்கடையில் ஊற்றிவிட்டார். இந்த வாடை நம் ஊரில் வீட்டுக்குள் வரக் கூடாது என்று ஒரே பேச்சு. வேறு ஊராக இருந்தால் இதைச் சிரிப்புக் காட்சியாக எழுதியிருப்பேன். கள்ளச்சாராயத்துக்கு ஆட்களைப் பறிகொடுத்த வீடுகள் இருக்கிற ஊரில் அந்த வாடைக்கு யாரும் சிரிக்க மாட்டார்கள். வீரமணியும் எதிர்த்துப் பேசவில்லை.

சிலிண்டர் வந்தது அதற்குப் பிறகு. எங்கள் பக்கம் சிறிய அளவில் இந்த வாயு நிரப்பிய சிலிண்டர் வேண்டுமென்றால் தீயணைப்பான்தான் சுலபமாகக் கிடைக்கும். உளுந்தூர்பேட்டையில் லாரிகளுக்கும் கல்யாண மண்டபங்களுக்கும் தீயணைப்பான் நிரப்பித் தரும் கடை வைத்திருப்பவர் லிடியா. மீன்தொட்டிக்கு என்றதும் முடியாது என்றார். வீரமணி நடையாய் நடந்தார். கடைசியில் லிடியா இப்படிச் சொன்னாராம்:

"கெமிஸ்ட்ரி வாத்தியாருன்னு நம்பிக் குடுக்கறேன் சார். வேற ஆளா இருந்தா இந்தப் பேச்சே கெடையாது."

பொடி நிரப்பிய தீயணைப்பான் இதற்கு ஆகவே ஆகாது. கரியமில வாயு உள்ளதிலும் அப்படியே ரெகுலேட்டரை மாட்டக் கூடாது, ஏனென்றால் உள்ளே அடிவரை ஒரு குழாய் இறங்கியிருக்கும். தீயில் பீய்ச்சுவதற்காக வைத்த குழாய் அது. அது இருந்தால் வாயுவுக்குப் பதில் அடியில் இருக்கும் திரவமே மேலேறி ரெகுலேட்டரைப் பாழாக்கும். லிடியா சிலிண்டரைக் காலிசெய்து, அந்தக் குழாயை எடுத்து, அழுத்துகிற கைப்பிடிக்குப் பதில் திருகி மூடுகிற வால்வு போட்டு, அழுத்தச் சோதனைத் தேதியைச் சரிபார்த்து, எடை பார்த்து நிரப்பினார். (இதையெல்லாம் கடையில்தான் செய்ய வேண்டும். ஸ்பேனரோடு வீட்டில் உட்கார்ந்து செய்து பார்க்கிறேன் என்று கிளம்பினால் நான் பொறுப்பில்லை.) தீயணைப்பான் என்ற ஒட்டுத்தாளையும் சுரண்டிவிட்டார், எங்காவது தீப்பிடித்து யாராவது இதைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடக் கூடாதே என்று.

மற்ற விதிகள் வீரமணிக்குத் தலைகீழ்ப் பாடம். சிலிண்டர் நிமிர்ந்தே நிற்க வேண்டும், சுவரோடு சங்கிலி போட்டிருக்க வேண்டும். இணைப்புகளில் சோப்பு நுரை தடவிக் கசிவு பார்க்க வேண்டும். விளக்கு அணையும்போது வாயுவும் நிற்க வேண்டும், இருட்டில் செடி அதை எடுத்துக்கொள்ளாது, மீன்தான் திணறும். மூடிய அறையில் வைக்கவே கூடாது. அந்த வாயுவுக்கு நிறமோ வாசனையோ கிடையாது, காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையோடு தேங்கும்.

எனக்கு இதைச் சொல்லும்போது வீரமணியின் குரல் கடைசி வரியில் கம்மியது. அப்போது நான் எழுதுவதில் மும்முரமாக இருந்தேன்.

3

ஆயுத பூசையைப் பற்றி எழுதாமல் இதற்குமேல் நகர முடியாது. நம் ஆட்களுக்கு அன்றைக்கு எது ஆயுதம், எது ஆயுதமில்லை என்ற வரம்பு கிடையாது. அரிவாள்மனை, மிக்ஸி, லேப்டாப் எல்லாம் குளிக்கும். எங்கள் தெருவில் ஒருவர் டிவி ரிமோட்டுக்குப் பொட்டு வைத்தார். நான் கேலி செய்யவில்லை, நானும் பேனாவுக்கு வைக்கிறவன்தான். அது எழுதுகிற லட்சணம் உங்களுக்கே தெரியும்.

வீரமணி சிலிண்டரைச் சங்கிலியிலிருந்து அவிழ்த்தார். வால்வை மூடி ரெகுலேட்டரைக் கழற்றினார். கொல்லைக் குழாயடியில் வைத்துத் தேங்காய் நாரால் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். அந்தத் தேய்ப்பில் வால்வுத் திருகு கொஞ்சம் இளகியிருக்கிறது. சந்தனம், குங்குமம், ஒரு துண்டு சாமந்திச் சரம். உள்ளறையில் சாமி படங்களுக்கு முன்னால் அரிவாள்மனையும் தனுஷாவின் தையல் கத்தரிக்கோலும் ஸ்பேனர்களும் கிடந்த வரிசையில் சிலிண்டரையும் படுக்க வைத்தார். எல்லாம் படுத்திருக்கும்போது அது மட்டும் நின்றால் பார்க்க நன்றாக இல்லை என்று தோன்றியதாம். கற்பூரம் காட்டினார்கள், சாப்பிட்டார்கள்.

இரண்டு விஷயம் தெரிய வேண்டும். அந்த வீட்டில் ஏசி இருப்பது அந்த ஓர் அறையில்தான். குழந்தை மத்தியானத்தில் அங்கே தரையில், பாயில் தூங்கும். இன்னொன்று, பூசை போட்ட ஆயுதத்தை மறுநாள் காலை மறுபூசை போட்ட பிறகுதான் எடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அதுவரை தொடக் கூடாது.

தனுஷா குழந்தையைத் தூங்க வைத்துவிட்டு, பொரியும் சுண்டலும் கொடுக்க அக்கம்பக்கத்து வீடுகளுக்குப் போனார். இனி, வீரமணி சொல்லக் கேட்டு நான் எழுதிய முதல் வரைவில் இருந்தபடி:

சிலிண்டரிலிருந்து மெல்லிய சத்தம் வந்தது. வீரமணி கதவருகே நின்று கேட்டான். (கதைக்குள் வந்ததும் 'ர்' போய் 'ன்' வந்துவிடுகிறது, அவர் மன்னிக்க வேண்டும்.)

"உஸ்ஸுங்குதும்மா. திருகி மூடிடட்டா?"

"பூச போட்டத தொடாதடா. காலைல பாத்துக்கலாம்" என்றாள் சாலம்மாள்.

கதவைச் சாத்தினார்கள்.

தனுஷா திரும்பி வந்து கதவைத் திறந்தபோது குழந்தை கூப்பிட்டதற்கு அசையவில்லை. குனிந்து தூக்கினவருக்கே தலை சுற்றியது. அப்படியே தெருவுக்கு ஓடினார். வெளிக்காற்று பட்டுத் தெருமுனை போவதற்குள் குழந்தை இருமி அழுதது. ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்து, ஒன்றும் பயமில்லை என்று அனுப்பினார்கள். குழந்தை பிழைத்துவிட்டது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒரு குழந்தையின் மூச்சைக் காட்டி உங்களைக் கடைசிப் பக்கம்வரை இழுத்துப் போவது எனக்குப் பிடிக்காத வேலை.

ஆஸ்பத்திரி வாசலில் தனுஷா கேட்டார்: வீட்டில் இரண்டு பேர் இருந்தீர்களே, ஒருவர் காதிலுமா விழவில்லை? அம்மாதான் தொடக் கூடாது என்றார்கள் என்றார் வீரமணி. சாலம்மாள் பக்கத்தில்தான் நின்றிருந்தார்.

அதற்குப் பிறகு தனுஷா குழந்தையை மாமியார் கையில் கொடுக்கவில்லை. சண்டையில்லை, ஒரு சொல் இல்லை. சாலம்மாள் கை நீட்டினால் குழந்தையை அடுத்த இடுப்புக்கு மாற்றிக்கொள்வார், அவ்வளவுதான். சாலம்மாள் துணிமணியை எடுத்துக்கொண்டு திருநாவலூரில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார். சிலிண்டரும் அறையைவிட்டுப் போனது, பின்வாசலுக்கு. காற்றோட்டமான இடத்தில் சங்கிலி போட்டு நிறுத்தி, சுவரில் துளையிட்டுக் குழாயை உள்ளே விட்டிருக்கிறார் வீரமணி. அதை எடுத்து எறி என்று தனுஷா சொல்லவில்லை. இரும்பின் மேல் யாருக்கும் கோபமில்லை.

4

எழுதின வசனத்தை வாய்விட்டுப் படிக்கும் வியாதி எனக்கு உண்டு. என் மனைவி விஜயலட்சுமி இதைக் கேட்டுக் கேட்டு, உனக்குள்ளே எத்தனை பேர்தான் குடியிருக்கிறார்கள், வாடகையாவது வருகிறதா என்பாள். அன்றும் படித்தேன். வீரமணியின் வசனம் சரியாக இருந்தது. 'பூச போட்டத தொடாதடா' மட்டும் சாலம்மாள் வாயில் உட்காரவில்லை.

'சாமி குத்தமாயிடும்டா' (அடித்தேன்).

'மறுபூச போடாம எப்பிடிடா' (அடித்தேன்).

'அப்பா காலத்துலேர்ந்து' (முடிக்கவில்லை).

ஒரு வசனம் ஒரு வாயில் உட்காரவில்லை என்றால் காரணம் இரண்டில் ஒன்று. எழுதுகிறவனுக்குச் சரக்கில்லை, அல்லது அந்த வாய் அதைச் சொல்லவில்லை. என் விஷயத்தில் பெரும்பாலும் முதல் காரணம்தான். அதனால் அந்த அம்மாளின் பேச்சு எப்படி இருக்கும் என்று கேட்டுவரத் திருநாவலூருக்குப் பஸ் ஏறினேன். சத்தியமாகத் துப்பறியப் போகவில்லை, காது கொடுக்கப் போனேன்.

சாலம்மாள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். உங்கள் மகன் தொட்டியைப் பற்றி எழுதுகிறேன் என்றேன். தொட்டியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. குழந்தை என்னென்ன பேசுகிறது, தானாகச் சாப்பிடுகிறதா, படி இறங்கப் பார்க்கிறதா என்றே கேட்டார். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன், தெரியாததையும் கொஞ்சம் சேர்த்துச் சொன்னேன். எழுத்தாளனால் அந்த உபகாரம்கூட ஆகாவிட்டால் எப்படி?

பேச்சு ஆயுத பூசைக்கு வந்தது. அன்றைக்குக் கற்பூரம் காட்டி முடித்ததும் சாம்பாருக்குப் பரங்கி அரிய வேண்டியிருந்தது. பூசை வரிசையிலிருந்து அரிவாள்மனையை எடுத்துப்போய் அரிந்தேன் என்று சாதாரணமாகச் சொன்னார். தொடலாமா என்று கேட்டேன்.

"சாமிக்கு அருவாமனயா வேணும்? வூட்ல இருக்கறவங்களுக்குச் சோறு வேணாமாங்க?"

பிறகு அவராகவே புருஷனைப் பற்றிச் சொன்னார். லாரி ஓட்டியவர். ஒரு வருஷம் அவசர லோடு என்று பூசை போட்ட லாரியை அன்றைக்கே எடுத்தார். உளுந்தூர்பேட்டைக்கு இந்தப் பக்கம் லாரி கவிழ்ந்து போய்விட்டார். ஊரெல்லாம் சாமி குத்தம் என்றது. பிரேக் பிடிக்கவில்லை என்பது சாலம்மாளுக்குத் தெரியும், அதற்கு முந்தின வாரமே புருஷன் அவரிடம் சொல்லிப் புலம்பியிருக்கிறார். இத்தனையையும் கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்.

என்னிடமிருந்த வசனம் பொய் என்று அப்போது தெரிந்துவிட்டது. இருந்தாலும் கேட்டுவிட்டேன்: தொடாதே என்றது நீங்களா?

ஆய்ந்த கீரையை முறத்தில் தள்ளிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்க எழுதறத எழுதிக்கினு போங்க. எம்மேலயே இருக்கட்டும். அதுங்க ரெண்டும் நல்லா இருந்தா போதும்."

5

வெள்ளிமலைக்குப் போகலாம், செடி எடுத்த ஓடையைப் படம் பிடிக்க வேண்டும் என்று வீரமணியிடம் பொய் சொன்னேன். அவருடைய பைக்கில் கச்சிராயப்பாளையம் வழியாக மலை ஏறினோம். வளைவுக்கு வளைவு வீரமணி வாத்தியார் தோரணையில் ஓடைத் தண்ணீரைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தார்.

ஓடையில் முழங்காலளவு தண்ணீர். கல்லைப் பிடித்துக்கொண்டு, நீரோட்டத்தில் சாய்ந்தபடி அந்தச் செடி பச்சையாக வளர்ந்திருந்தது. (இங்கே ஓர் உவமை தானாக வந்து நின்றது. விரட்டிவிட்டேன்.) திருநாவலூருக்குப் போயிருந்தேன் என்றேன். அதற்குமேல் நான் ஒன்றும் கேட்கத் தேவை இருக்கவில்லை, அவரே சொன்னார்.

சத்தத்தை முதலில் கேட்டது அம்மா. மூடுடா என்று சொல்லிவிட்டு, மகன் நகராததைப் பார்த்துத் தானே குனிந்தார். அவர் கையைப் பிடித்துத் தடுத்தது வீரமணி. தொடாதம்மா, காலையில் பார்க்கலாம் என்றது வீரமணி. கதவைச் சாத்தியதும் அவர்தான்.

"வருஷா வருஷம் வாயு பாடம் நடத்தறவன் சார் நான். கனமான வாயு தரையில தங்கும்னு போர்டுல எழுதிப் போட்டவன். அந்த நிமிஷத்துல எங்கப்பா லாரிதான் சார் கண்ணுல நின்னுச்சு."

ஆஸ்பத்திரி வாசலில் வாயில் வந்தது அம்மா பெயர். அன்றைக்கே மாற்றிச் சொல்லிவிடலாம் என்று நினைத்தாராம். பிறகு குழந்தை வீட்டுக்கு வரட்டும் என்று, பிறகு தனுஷா கொஞ்சம் தெளியட்டும் என்று தள்ளிப்போட்டிருக்கிறார். அம்மா ஊருக்குக் கிளம்பும்போது, நீ எதையும் உளறிவைக்காதே என்று சொல்லிவிட்டுப் போனார். அது வசதியாகப் போயிற்று என்று அவரே சொன்னார்.

எனக்குக் கோபம் வந்தது. தண்ணீரில் நின்றுகொண்டு, மலைக்குக் கூட்டிவந்த மனிதரை வாயில் வந்தபடி பேசினேன். ஒரு மனுஷி பேத்தியின் முகம் பார்க்காமல் இன்னொருத்தர் வீட்டில் கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறாள், நீ இங்கே இலை எண்ணிக்கொண்டிருக்கிறாயா என்றேன். அவரோ, முதலில் தான் சொன்னபடியே கதையில் விட்டுவிடச் சொல்லிக் கேட்டுக்கொண்டார்.

"நான் பண்ண தப்ப தனுஷா மன்னிச்சிடுவா சார். அத அம்மா மேல போட்டேன் பாருங்க, அத மன்னிக்க மாட்டா."

பார்க்கலாம் என்றேன். திரும்பி வரும் வழியில் ஓடைத் தண்ணீரைப் பற்றி யாரும் பேசவில்லை.

6

முடிவுகள்.

நீங்கள் எல்லோரும் எங்காவது தீப்பிடிக்கும், சிலிண்டர் அங்கே உதவும், அம்மா மகனைக் காப்பாற்றுவார் என்று காத்திருப்பீர்கள். தீயணைப்பான் என்ற சொல்லைக் கேட்டதிலிருந்தே காத்திருப்பீர்கள். தீப்பிடிக்காது. இது வெல்லம், வாயு, சந்தனம் சம்பந்தப்பட்ட கதை.

இன்னொன்று எழுதினேன். தனுஷா குழந்தையோடு திருநாவலூர் பஸ்ஸில் ஏறுகிறார், கோயில் வாசல் நிறுத்தத்தில் இறங்குகிறார், மாமியார் மடியில் குழந்தையை வைக்கிறார். எழுதும்போதே அழுதேன், விஜயலட்சுமி வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். மறுபடி படித்ததும் கிழித்துப் போட்டேன். உண்மையைச் சொல்லாமலே தனுஷாவை மன்னிக்க வைத்திருந்தேன். வீரமணி செய்ததற்கும் நான் செய்ததற்கும் என்ன வித்தியாசம்?

நானே போய்ச் சொல்லிவிடுவது என்றும் ஒன்று உண்டு. துருகம் சாலை வரைக்கும் போனேன். வாசலில் தனுஷா குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கட்டுரை வந்துவிட்டதா சார் என்றார். இன்னும் இல்லை என்று சொல்லித் திரும்பிவிட்டேன்.

அம்மாவும் மகனும் பாசத்தால் ஒத்துக்கொண்ட பொய்யில் மூன்றாவது ஆள் நுழையக் கூடாது என்று நீங்கள் சொல்லலாம். நானும் ஒரு வாரம் அப்படித்தான் எனக்குச் சொல்லிக்கொண்டேன். ஆனால் சாலம்மாளுக்குத் தண்டனை கொடுப்பது வீரமணி இல்லை, தனுஷா. யாரை எதற்குத் தண்டிக்கிறோம் என்று தெரியாமலே தினமும் கொடுத்துக்கொண்டிருக்கிறார். ஒரு நாள் தெரியவரும்போது அந்தப் பெண்ணால் அதைத் தாங்க முடியுமா? அம்மாவும் மகனும் இதை யோசித்ததாக எனக்குத் தெரியவில்லை.

7

இந்தப் பகுதியை மட்டும் பிறகு சேர்த்தேன்.

மீன்தொட்டிக் கட்டுரையை இதழுக்கு அனுப்பிவிட்டேன். விதிகள் எல்லாம் ஒழுங்காக அதில் இருக்கின்றன. மூடிய அறை கூடாது என்பதை இரண்டு தடவை எழுதியிருக்கிறேன். ஆசிரியர் ஒன்றை வெட்டினால் இன்னொன்று இருக்கட்டும் என்று.

ஒன்றிலிருந்து ஆறுவரை, அடித்தல் திருத்தலோடு, பள்ளி வாசலில் வீரமணியிடம் கொடுத்தேன். வசனத்தைத் திருத்த மாட்டேன் என்றேன். இதை நானாக எங்கேயும் அனுப்பவும் மாட்டேன். நீங்கள் முதலில் வீட்டில் சொல்ல வேண்டும், உங்கள் வாயால். சொன்ன பிறகு எனக்கு ஒரு போன். அன்றைக்கே இதை அச்சுக்குக் கொடுப்பேன். போன் வராவிட்டால் இப்படி ஒரு கதை கிடையாது, நானும் உங்களைக் கேட்க மாட்டேன்.

பள்ளி மணி அடித்துவிட்டது. தாள்களை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, முடிவு இன்னா சார் என்று கேட்டார். என்னிடம் இல்லை என்றேன். அவர் வகுப்புக்குப் போனார், நான் வீட்டுக்கு வந்தேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கும் இந்த நேரம்வரை போன் வரவில்லை. விஜயலட்சுமி இரண்டு முறை வந்து, போனையே ஏன் பார்த்துக்கொண்டிருக்கிறாய் என்று கேட்டுவிட்டாள். வரலாம், வராமலும் போகலாம். எனக்குத் தெரியாது.

உங்களுக்குத் தெரியும். நீங்கள் இதை அச்சில் படித்துக்கொண்டிருக்கிறீர்கள். அவர் சொல்லிவிட்டார். தனுஷா கேட்டுவிட்டார். கேட்டுவிட்டு அவர் என்ன செய்தார் என்பதை, என்னைவிட ஒரு படி முன்னால் நிற்கும் நீங்கள்தான் எழுத வேண்டும்.